காக்ளியர் இம்பிளான்ட்: எலக்ட்ரோடு எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொண்டு, கேட்பதைத் திருத்திக்கொள்வது எப்படி?

பேசிப் பழகி, பல வருடம் நன்றாகக் கேட்டு, அதன்பிறகு செவித்திறனை இழந்த பெரியவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்குமான வழிகாட்டி இது. காக்ளியர் இம்பிளான்ட் என்பது ஒலியை மின்துடிப்பாக்கிச் செவிநரம்பை நேராகத் தூண்டும் கருவி. காதுக்கு வெளியே ப்ராசஸர்; உள்ளே, காக்ளியா என்ற உட்காதுச் சுருளுக்குள் நுழைக்கும் மெல்லிய இழை. அந்த இழையையும், அதில் வரிசையாக உள்ள தொடுமுனை ஒவ்வொன்றையும் எலக்ட்ரோடு என்றே சொல்வார்கள். ஒரே மாடல் கருவி, ஒரே டாக்டர் என்று இருந்தும் ஒருவர் மூன்று மாதத்தில் போனில் பேசிவிடுகிறார். இன்னொருவருக்கு வருடம் ஓடியும் உதட்டைப் பார்க்காமல் ஒரு வாக்கியம் பிடிபடுவதில்லை. காது எத்தனை வருடம் ஒலியே இல்லாமல் கிடந்தது, வயது என்ன, நரம்பில் எவ்வளவு உயிர் மிச்சம் என்று காரணங்கள் பல. அவற்றில் எதையும் இனி மாற்ற முடியாது. எலக்ட்ரோடு எங்கே போய் நிற்கிறது என்பது மட்டும் நம் கைக்கு எட்டும் விஷயம். அதை முன்கூட்டியே திட்டமிடலாம், ஆபரேஷன் மேஜையிலேயே சரிபார்க்கலாம், பிறகு எப்போது வேண்டுமானாலும் படமெடுத்துப் பார்க்கலாம், அதற்கேற்ப மேப்பிங்கை, அதாவது எந்த எலக்ட்ரோடுக்கு எந்த ஒலி, எவ்வளவு மின்சாரம் என்ற அமைப்பை, மாற்றலாம். ஆனாலும் இம்பிளான்ட் வைத்துக்கொண்ட பலரிடம் இதைப் பற்றிய ஒரு தாள்கூட இருப்பதில்லை. அந்தத் தாளை வாங்குவதில்தான் எல்லாம் தொடங்குகிறது.

எந்த அறையில், எவ்வளவு ஆழத்தில்

காக்ளியா ஒரு பட்டாணி அளவுதான். இரண்டரை முதல் இரண்டேமுக்கால் சுற்று. சுருளை நீட்டினால் சராசரியாக 35 மி.மீ. வரும், ஆளுக்கு ஆள் சில மி.மீ. கூடும், குறையும். சுருள் நெடுக மூன்று அறைகள் ஓடுகின்றன. ஸ்காலா டிம்பனி என்ற கீழ் அறையில்தான் எலக்ட்ரோடு இருக்க வேண்டும். அதற்கு மேலே மெல்லிய அடிச்சவ்வு, அதன்மேல் நடு அறை, எல்லாவற்றுக்கும் மேலே ஸ்காலா வெஸ்டிபுலி. நாம் தூண்ட நினைக்கும் நரம்புச் செல்கள் சுருளின் நடுத்தூணுக்குள் இருக்கின்றன. கீழ் அறைதான் அவற்றுக்குப் பக்கம்.

எலக்ட்ரோடு பாதி வழியில் சவ்வைக் கிழித்துக்கொண்டு மேல் அறைக்கு ஏறிவிடுவது உண்டு. நுழைந்த இடத்திலிருந்து சுமார் 180 டிகிரியில், முதல் சுற்று வளையும் இடத்தில், இது அதிகம் நடக்கிறது. இடம் மாறியது மட்டும் இதில் கேடு இல்லை. மிச்சமிருந்த இயற்கைச் செவித்திறன் போகிறது, உள்ளே தழும்பும் எலும்பும் வளர வழி பிறக்கிறது, தலைசுற்றலும் வரலாம். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் 114 பெரியவர்களை வைத்துச் செய்து 2013இல் வெளியான ஆய்வில், கீழ் அறையிலேயே நின்ற எலக்ட்ரோடுகளின் விகிதம் கூடக்கூட, சொற்களைக் கேட்டுச் சொல்லும் மதிப்பெண்ணும் கூடியது. வயதும் காது கேளாமல் இருந்த காலமும் அதே ஆய்வில் எதிர்ப்பக்கம் இழுத்தன.

அடுத்தது ஆழம். காக்ளியாவின் வாசலில் உச்ச ஒலிகள் (கீச்சுக் குரல் போன்றவை), நுனியில் தணிந்த ஒலிகள் (கனத்த குரல் போன்றவை). வாசலிலிருந்து ஒரு முழுச் சுற்று, அதாவது 360 டிகிரி போனால், அந்த இடத்தின் இயல்பான அதிர்வெண் ஏறக்குறைய 1000 ஹெர்ட்ஸ். 450 டிகிரியில் 700 ஹெர்ட்ஸ் அளவு. நரம்புச் செல்களோ ஒன்றேமுக்கால் சுற்றோடு முடிந்துவிடுகின்றன. ஆழம் குறைந்தால் தணிந்த ஒலிகளை அவற்றுக்கு உரிய இடத்தில் கொடுக்க முடியாது. ஆழத்தை எட்ட வேண்டுமென்று முட்டித் தள்ளினாலும் ஆபத்து: நுனியில் சவ்வு கிழியும், இல்லையென்றால் வாசலில் எலக்ட்ரோடு மடங்கிக் குவியும். கிழிக்காமல் போகும் 400 டிகிரி, கிழித்துக்கொண்டு போகும் 600 டிகிரியைவிட மேல் என்பதே எங்கள் தீர்மானமான கருத்து.

ஆபரேஷனுக்கு முன்: ஸ்கேனில் கேட்க வேண்டியவை

இரண்டு ஸ்கேன் வேண்டும். காதெலும்பின் உயர்தர சி.டி., முடிந்தால் 0.6 மி.மீ. அல்லது அதைவிட மெல்லிய வெட்டுகளில். நரம்பையும் காக்ளியாவில் உள்ள நீரையும் காட்டும் எம்.ஆர்.ஐ. இன்னொன்று. ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு திரும்பிவிடாமல், சர்ஜனிடம் கேளுங்கள்:

— செவிநரம்பு இருக்கிறதா, போதிய தடிமனோடு இருக்கிறதா?
— காக்ளியாவில் நீர் நுனிவரை தெரிகிறதா, எங்காவது எலும்பு அடைத்திருக்கிறதா?
— முதல் சுற்றின் விட்டம் எவ்வளவு? பொதுவாக 9 மி.மீ.யை ஒட்டி இருக்கும். இதைக் கொண்டுதான் சுருளின் நீளம் கணக்கிடப்படுகிறது. எந்த நீள எலக்ட்ரோடு பொருந்தும் என்பதும் அதிலிருந்தே வரும்.
— முகநரம்பு வழக்கமான பாதையில் போகிறதா?

மூளைக்காய்ச்சலால் காது போனவர்கள் நாளைக் கடத்தக் கூடாது. காக்ளியாவுக்குள் எலும்பு வளரத் தொடங்கினால் சில வாரங்களிலேயே வழி அடைபடலாம். எம்.ஆர்.ஐ.யில் நீர் குறைந்து தெரிவது முதல் அறிகுறி, சி.டி.யில் எலும்பு தெரிவது அதற்குப் பிறகுதான். ‘ஆறு மாதம் ஹியரிங் எய்டு போட்டுப் பார்ப்போம்’ என்ற வழக்கமான பேச்சு இவர்களுக்குப் பொருந்தாது. காதெலும்பு இறுகும் ஓட்டோஸ்கிளிரோசிஸ் உள்ளவர்களுக்கும் வாசல் அடைபட்டிருக்கலாம். தவிர, எலும்பு பஞ்சுபோல் ஆகிவிடுவதால் மின்சாரம் கசிந்து முகநரம்பைத் தொடும் வாய்ப்பும் அவர்களுக்கு அதிகம்.

நிமோகாக்கல் தடுப்பூசியை ஆபரேஷனுக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே போட்டு முடித்துவிட வேண்டும். இம்பிளான்ட் உள்ளவர்களுக்கு மூளைக்காய்ச்சல் ஆபத்து மற்றவர்களைவிடக் கூடுதல்.

நேரான எலக்ட்ரோடா, வளைந்ததா?

வளைந்த வகை நடுத்தூணை அணைத்தபடி நிற்கும். நரம்புக்கு அருகில் இருப்பதால் குறைந்த மின்சாரம் போதும். ஒரு எலக்ட்ரோடின் தூண்டுதல் பக்கத்தில் அவ்வளவாகப் பரவாது. ஆனால் நுழைக்கும்போது மேல் அறைக்குத் தாவுவது நேரான வகையைவிட இதில் அதிகம்; குறிப்பாக, உள்ளே கம்பி வைத்து நிமிர்த்தி, நுழைத்தபின் கம்பியை உருவும் பழைய வடிவங்களில். மெல்லிய புதிய வளைவு வகைகளில் தாவுவது குறைந்திருக்கிறது. நுனி மடிந்து திரும்பிக்கொள்ளும் சிக்கல் தொடர்கிறது.

நேரான வகை வெளிச்சுவரை ஒட்டிச் செல்லும். நெகிழ்வானது, சவ்வுக்கு இதமானது. 20 முதல் 31.5 மி.மீ. வரை பல நீளங்களில் வருகிறது. நீளமானவை ஒன்றரைச் சுற்றையும் தாண்டும். இது நழுவி வெளியே வரும் வாய்ப்பு மட்டும் வளைந்ததைவிடக் கொஞ்சம் கூடுதல்.

ஆடியோகிராமில் (செவித்திறன் சோதனையின் வரைபடம்) 250, 500 ஹெர்ட்ஸ் இன்னும் ஓரளவு கேட்கிறது என்றால், அதைக் காப்பாற்ற மெல்லிய நேரான எலக்ட்ரோடு நல்ல தேர்வு. மற்றபடி, விளம்பரத் தாளில் உள்ள எலக்ட்ரோடு எண்ணிக்கையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். 12, 16, 22 என்ற எண்களைவிட, ‘எந்த வகையை நீங்கள் வழக்கமாக வைக்கிறீர்கள், வைத்தபின் மேஜையிலேயே படம் எடுப்பீர்களா?’ என்று சர்ஜனிடம் கேட்பது உபயோகமானது.

ஆபரேஷன் மேஜையில்

காதுக்குப் பின்னால் கீறி, மாஸ்டாய்டு எலும்பைக் குடைந்து, முகநரம்புக்கும் சுவைநரம்புக்கும் நடுவிலுள்ள சிறு இடைவெளி வழியாக நடுக்காதுக்குள் போகிறார்கள். முகநரம்பு மானிட்டர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். வட்டச் சாளரம் என்ற சவ்வு மூடிய வாசலுக்கு மேல் எலும்பு விளிம்பு ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். அதை முழுக்கச் செதுக்கி எடுத்தால்தான் வாசல் நேராகத் தெரியும். இங்கே அவசரப்படுவதுதான் பின்னால் வரும் பல கோளாறுகளுக்கு வேர். விளிம்பு மிச்சமிருந்தால் எலக்ட்ரோடு நுழையும் கோணம் தவறி, முதல் வளைவிலேயே சவ்வை முட்டும். வாசலை விட்டுத் தனியாகத் துளை போடும்போது அது சற்று மேலே விழுந்துவிட்டால், எலக்ட்ரோடு ஆரம்பத்திலிருந்தே தவறான அறையில்தான் போகும்.

நுழைப்பது மெதுவாக, நிறுத்தாமல், குறைந்தது ஒன்றிரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும். வேகமாகத் தள்ளினால் உள்ளே நீரின் அழுத்தம் எகிறும். ஸ்டீராய்டு கொடுப்பதும் ஹையலூரோனேட் திரவத்தை வழுக்குப்பொருளாக வைப்பதும் வழக்கம். தடை தட்டுப்பட்டால் அங்கேயே நிறுத்த வேண்டும். கடைசி ஒன்றிரண்டு மி.மீ.க்காக அழுத்துவதில் லாபம் இல்லை. எலக்ட்ரோடின் மேல் உள்ள அடையாளக் கோடு வாசலில் வந்து நின்றதும், சுற்றிலும் சிறு தசைத் துணுக்கு வைத்து அடைப்பார்கள்.

தையல் போடுவதற்கு முன் மூன்று பரிசோதனை. ஒவ்வொரு எலக்ட்ரோடின் மின்தடை, நரம்பு பதில் தருகிறதா என்ற அளவீடு, எக்ஸ்ரே. முதல் இரண்டும் நன்றாக வந்தால் எக்ஸ்ரே தேவையில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. நாங்கள் உடன்படமாட்டோம். நுனி மடிந்திருந்தாலும் மின்தடை சரியாகவே காட்டலாம், நரம்பும் பதில் தரலாம். எக்ஸ்ரேயில் மடிந்த நுனி கண்ணுக்கே தெரியும். அங்கேயே உருவித் திரும்ப நுழைத்துவிடலாம். காயம் ஆறியபின் கண்டுபிடித்தால் இன்னொரு ஆபரேஷன். ஆனால் எக்ஸ்ரேயாலும் எந்த அறை என்று சொல்ல முடியாது. கோணத்தையும் மடிப்பையும்தான் அது காட்டும். அறையைப் பார்க்க சி.டி. வேண்டும். கதிர்வீச்சு குறைவான கோன் பீம் சி.டி. இதற்கு ஏற்றது.

டிஸ்சார்ஜ் ஆகும்போது கையில் இருக்க வேண்டியவை: கருவியின் மாடலும் சீரியல் எண்ணும், எலக்ட்ரோடின் பெயரும் நீளமும், வட்டச் சாளரம் வழியாகவா துளை வழியாகவா என்ற குறிப்பு, எத்தனை எலக்ட்ரோடு உள்ளே, ஏதாவது வெளியே நிற்கிறதா, எக்ஸ்ரே பிரதி, மேஜையில் எடுத்த அளவீடுகளின் அச்சுப்பிரதி. அரசுத் திட்டங்கள் முதன்மையாகச் சிறு குழந்தைகளை மனத்தில் வைத்தவை. பெரியவர்கள் பெரும்பாலும் சொந்தப் பணம் போட்டே இந்தக் கருவியை வாங்குகிறார்கள். கூச்சப்படாமல் கேட்டு வாங்குங்கள்.

ஸ்விட்ச் ஆன் முதல் மேப்பிங் வரை

காயம் ஆறி இரண்டு முதல் நான்கு வாரத்தில் ஸ்விட்ச் ஆன் செய்வார்கள். ஒவ்வொரு எலக்ட்ரோடுக்கும் கேட்கத் தொடங்கும் அளவும், சத்தமாக ஆனால் தொல்லையில்லாமல் கேட்கும் அளவும் பதிவாகும். இதில் சர்ஜனின் குறிப்பும் எக்ஸ்ரேயும் மேப்பிங் செய்யும் ஆடியாலஜிஸ்டின் மேஜைக்கு வந்தே ஆக வேண்டும். அனுப்பியிருப்பார்கள் என்று நம்பாமல் நீங்களே எடுத்துப் போங்கள்.

எண்களில் ஒரு குழப்பம் வரும். கோக்ளியர் கம்பெனிக் கருவியில் 1ஆம் எலக்ட்ரோடு வாசலில், 22 நுனியில். மெட்-எல், அட்வான்ஸ்டு பயானிக்ஸ் கருவிகளில் 1தான் நுனி. ‘ஒன்றாம் எலக்ட்ரோடு வேலை செய்யவில்லை’ என்ற ஒரே வாக்கியத்துக்குக் கம்பெனியைப் பொறுத்து நேர்மாறான பொருள்.

மின்தடை 30 கிலோ ஓமைத் தாண்டினால் சுற்று அறுந்தது என்றும், 1 கிலோ ஓமுக்குக் கீழே இறங்கினால் ஷார்ட் என்றும் எடுத்துக்கொள்வது வழக்கம். கம்பெனிக்கேற்ப எல்லை சற்று மாறும். வாசலுக்கு வெளியே நிற்கும் எலக்ட்ரோடு ஒலியே தராது, அல்லது வலியும் குத்தலும் தரும். அதை அணைத்துவிட வேண்டும். அணைத்தபின் அதிர்வெண் பங்கீட்டை மிச்சமுள்ளவற்றுக்குப் பிரித்துக் கொடுத்தார்களா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். ஓரிரண்டை அணைப்பதால் பேச்சு கெட்டுவிடாது. ஒன்றோடொன்று குழம்பாத எட்டு வழிகள் இருந்தாலே அமைதியான இடத்தில் பேச்சு நன்றாகப் புரியும் என்பது ஆய்வுகளில் தெரிந்தது. குழப்பும் எலக்ட்ரோடை வைத்திருப்பதைவிட அணைப்பது மேல்.

‘பிட்ச் வரிசை’ பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்துப் பக்கத்து எலக்ட்ரோடுகளை ஒரே சத்தத்தில் ஒலிக்கவிட்டு, எது உச்சம், எது தணிவு என்று கேட்பார்கள். வாசலிலிருந்து நுனிக்குப் போகப்போக ஒலி தணிய வேண்டும். நுனிப்பக்கம் வந்ததும் ஒலி திரும்ப ஏறினால் நுனி மடிந்திருக்கிறதா என்று சந்தேகிக்கலாம். இரண்டு ஒரே மாதிரி கேட்டால் ஒன்றை அணைத்துப் பார்க்கலாம்.

முதல் நாட்களில் எல்லோர் குரலும் கீச்சென்று, ரோபோ பேசுவதுபோல் இருப்பதற்கும் இட விவகாரமே காரணம். கோக்ளியர் கருவியின் வழக்கமான பங்கீடு 188 முதல் 7938 ஹெர்ட்ஸ் வரை. நுனி எலக்ட்ரோடுக்கு 188 முதல் 313. அந்த எலக்ட்ரோடு 450 டிகிரியில் நின்றால், அது தொடும் நரம்பு பிறவியிலேயே 700 ஹெர்ட்ஸுக்குப் பழகியது. ஆர்மோனியத்தில் கட்டையை அழுத்தினால் ஒரு ஸ்தாயி மேலே ஒலிப்பதுபோலத்தான். மூளை இதைச் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் பெருமளவு சரிக்கட்டிக்கொள்கிறது. அப்படியும் சரியாகாதவர்களுக்கு, சி.டி.யில் ஒவ்வொரு எலக்ட்ரோடின் கோணத்தையும் அளந்து அதற்கேற்பப் பங்கீட்டை மாற்றும் முறை இருக்கிறது. கேட்டுப் பார்க்கத் தகுந்தது.

தமிழ் ஒலிகளை வைத்து வீட்டிலேயே கண்டுபிடிக்க

தினமும் காலையில், முகம் பார்க்காமல், ஒரு மீட்டர் தூரத்திலிருந்து யாராவது ஆறு ஒலிகளைச் சொல்லட்டும்: ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ். எது தவறுகிறது என்பதைக் குறித்துவையுங்கள். வெறுமனே ‘சரியாகக் கேட்கவில்லை’ என்பதைவிட இந்தக் குறிப்பு ஆடியாலஜிஸ்டுக்குப் பல மடங்கு உதவும்.

‘ம்’மும் ‘ஊ’வும் தேய்ந்து கேட்டால் நுனி எலக்ட்ரோடுகளின் அளவைப் பார்க்க வேண்டும். ‘ஸ்’ வரவே இல்லையென்றால் வாசல்பக்கத்தை; அது 4000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள ஒலி. ‘ஈ’யைச் சொன்னால் ‘ஊ’ என்று கேட்கிறதா? இரண்டுக்கும் அடிப்பகுதி 300 ஹெர்ட்ஸை ஒட்டி ஒன்றுபோலவே இருக்கும். ‘ஈ’யை ‘ஈ’ ஆக்குவது 2000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள பகுதி. அந்தப் பகுதியைச் சுமக்கும் எலக்ட்ரோடுகள் பலவீனமாக இருக்கின்றன என்று பொருள்.

அடுத்து சொற்கள். படம்–பாடம், பட்டு–பாட்டு, கல்–கால் ஆகியவை குறில் நெடிலால் வேறுபடுவதால் நேர அளவை வைத்தே பிரித்துவிடலாம். எலக்ட்ரோடு சுமாரான இடத்தில் இருந்தாலும் இவை முதலில் கைவரும். இவையே ஒரு மாதத்துக்குப் பிறகும் தடுமாறினால், ஓரிரு எலக்ட்ரோடைத் தேடாமல் மொத்த மேப்பையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். பல்–கல், மணி–பணி போன்றவை அடுத்த படி. பல்லி–பள்ளி, மலை–மழை ஆகியவைதான் கடினம். ல, ள, ழ மூன்றும் பிரிவது பெரும்பாலும் 1500 முதல் 3000 ஹெர்ட்ஸுக்குள் நடக்கும் நுட்பமான நகர்வால். அதற்குப் பக்கத்துப் பக்கத்து எலக்ட்ரோடுகள் தனித்தனியாகப் பேச வேண்டும். இது மாதக்கணக்கில் வரட்டும், கவலை வேண்டாம். நல்ல காது உள்ளவர்களே பேச்சில் இவற்றை வாக்கியத்தின் துணையோடுதான் பிரிக்கிறார்கள்.

பயிற்சிக்கு இம்பிளான்ட் வைத்த காதை மட்டும் பயன்படுத்தி, போனிலிருந்து ப்ராசஸருக்கு நேராக ஒலியை அனுப்பி, எழுத்தைப் பார்த்துக்கொண்டே செய்தி கேளுங்கள். பிறகு எழுத்து இல்லாமல். மற்ற நேரங்களில் இன்னொரு காதின் ஹியரிங் எய்டைக் கழற்றாதீர்கள். ப்ராசஸர் விழித்திருக்கும் நேரமெல்லாம் தலையில் இருக்க வேண்டும். எத்தனை மணி நேரம் போட்டீர்கள் என்பது அதிலேயே பதிவாகிறது. நாளைக்கு நாலு மணி நேரம் போடுபவரின் மதிப்பெண்ணை வைத்து எலக்ட்ரோடைக் குறைசொல்ல முடியாது. முன்னேற்றத்தின் பெரும்பங்கு முதல் ஆறு மாதத்தில் வந்துவிடும்.

எதிர்பார்த்தபடி வராவிட்டால்

திடீரென்று கேட்பது குறைந்தால் முதலில் வெளிப்பாகம்: பேட்டரி, தலையில் ஒட்டும் காயிலின் வயர், மைக் மூடி. மாற்று வயரைப் போட்டுப் பாருங்கள். அது சரியென்றால் அன்றே மின்தடை அளவீடு. வாசல்பக்கத்து எலக்ட்ரோடுகளில் மட்டும் மின்தடை வரிசையாக ஏறிக்கொண்டு, கூடவே ‘ஸ்’ மங்கி, காதில் குத்தலும் வந்தால் எலக்ட்ரோடு வெளியே நழுவுகிறதா என்று எக்ஸ்ரே எடுத்து, ஆபரேஷன் நாளின் எக்ஸ்ரேயோடு ஒப்பிட வேண்டும். பழைய பிரதியைப் பத்திரப்படுத்தச் சொன்னது இதற்காகத்தான்.

சத்தத்தோடு கண்ணிமையோ வாயோரமோ துடித்தால், மின்சாரம் முகநரம்பைத் தொடுகிறது. எந்த எலக்ட்ரோடு என்று ஒவ்வொன்றாகத் தேடி, அளவைக் குறைத்தோ மின்துடிப்பின் அகலத்தைக் கூட்டியோ பார்ப்பார்கள். அடங்காவிட்டால் அதை மட்டும் அணைப்பார்கள். மொத்தச் சத்தத்தையும் குறைத்து வைத்துச் சமாளிப்பது தவறான தீர்வு. பேச்சு முழுவதும் அமுங்கிப்போகும்.

ஆறு மாதம் முழுநேரம் போட்டும், மேப் பலமுறை திருத்தியும், பேச்சு பிடிபடவில்லையென்றால் ‘உங்கள் மூளை பழகவில்லை’ என்ற பதிலோடு திரும்ப வராதீர்கள். கருவியின் உள்பாகச் சோதனையும் கோன் பீம் சி.டி.யும் கேளுங்கள். நுனி மடிந்தோ, பாதி வெளியே நின்றோ, காக்ளியாவை விட்டு வேறு குழிக்குள் போயோ இருப்பது தெரிந்தால் மறு ஆபரேஷனைப் பற்றிப் பேசலாம். மேல் அறைக்கு ஏறியது மட்டுமே என்றால் முதலில் மேப்பில் மாற்றிப் பார்ப்பதுதான் முறை. திரும்ப உருவி நுழைப்பதிலும் சேதம் உண்டு.

காய்ச்சல், கடும் தலைவலி, கழுத்து விறைப்பு மூன்றும் சேர்ந்தால் மேப்பிங் கிளினிக்குக்குப் போகாமல் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். இம்பிளான்ட் இருக்கிறது என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். பிற்காலத்தில் வேறு எந்த ஆபரேஷன் என்றாலும் மயக்க மருந்து டாக்டரிடமும் சர்ஜனிடமும் சொல்லிவிடுங்கள்: தலை, கழுத்துப் பகுதியில் மோனோபோலார் காட்டரி (மின்சாரத்தால் சுட்டு இரத்தக்கசிவை நிறுத்தும் ஒருமுனைக் கருவி) கூடாது. எம்.ஆர்.ஐ. எடுப்பதானால் உள்ளே உள்ள காந்தம் எத்தனை டெஸ்லா வரை தாங்கும் என்பதை மாடல் எண்ணை வைத்துக் கம்பெனியிடம் கேட்டு எழுத்தில் வாங்கிய பிறகே ஸ்கேன் அறைக்குள் போங்கள்.